வாழ்ந்திருக்கவும் தெரிய வேண்டும்

கேள்வி: "எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு என்று ஆலயத்திலேயே வளர்ந்தவன். வேலைக்காகச் சென்னைக்கு வந்து வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வந்ததிலிருந்து என் விசுவாசம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. நடுவில் வேலை போனது. கடவுள்மேல் கோபம் வந்தது. பிறகு முன்பைவிட நல்ல வேலை கிடைத்தது. இப்போது அவரை நினைக்கவே நேரமில்லை. இதற்கிடையில், இனிமேல் செய்யமாட்டேன் என்று பலமுறை வாக்குக் கொடுத்த ஒரு பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். நான் உண்மையிலேயே விசுவாசிதானா, ஐயா? கடைசிவரை கிறிஸ்துவுக்கு உண்மையாக நிலைத்திருப்பது எப்படி?"

தம்பி, உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேலை போனது ஒரு சோதனை. வேலை கிடைத்தது இன்னொரு சோதனை. இரவில் தனியாக இருக்கும்போது வருவது மூன்றாவது. அந்தப் பாவத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். அறை எடுத்துத் தங்கியிருக்கும் வாலிபர்களோடு பல வருடங்கள் வேதபாட வகுப்பில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஊகித்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஊகம் தவறாக இருந்தால் உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றுக்கும் "நன்றாக ஜெபம் பண்ணுங்கள்" என்று ஒரே மருந்தைக் கொடுத்து அனுப்புவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. ஜெபம் வேண்டும்தான். ஆனால் வேதம் ஒவ்வொரு சோதனைக்கும் வேறு வேறு வழி சொல்கிறது. ஓரிடத்தில் ஓடச் சொல்கிறது, ஓரிடத்தில் அழச் சொல்கிறது, ஓரிடத்தில் மறக்காதே என்கிறது. வழி மாறிப் போவதால்தான் நம்மில் பலர் களைத்துப்போகிறோம்.

முதலில் இச்சையை எடுத்துக்கொள்வோம். யாக்கோபு ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறார்: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." இந்த வசனத்தை வைத்துக்கொண்டு கடவுளைக் குறை சொல்ல முடியாது, எல்லாப் பழியையும் பிசாசின் தலையில் போட்டுவிட்டு நாம் நகர்ந்துகொள்ளவும் முடியாது. ஆதியாகமம் 39-ஆம் அதிகாரத்தில் யோசேப்பைப் பாருங்கள். வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, மொழி தெரியாத தேசத்தில் தனியாக வேலை பார்க்கும் இளைஞன். அவன் எஜமான் போத்திபாரின் மனைவி "நித்தம் நித்தம்" அவனிடம் பேசினாள் என்று வசனம் சொல்கிறது. ஒருநாள் சோதனை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். தினமும் அதே வீட்டில் அதே குரல் என்றால் எந்த மன உறுதியும் தேய்ந்துபோகும். யோசேப்பு அவளோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்கவில்லை. "அவளுடனே இருக்கவும்" சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பாவத்துக்கு முன்பே, அந்த அருகாமைக்கே மறுப்புச் சொன்னான். கடைசியில் அவள் பிடித்துக்கொண்டபோது, வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு ஓடினான்.

பவுலும் இந்த விஷயத்தில் நின்று போராடச் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு "வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள்" என்று எழுதினார். இளைஞனான தீமோத்தேயுவுக்கும் பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடச் சொன்னார். இச்சையை எதிரே உட்காரவைத்துப் பேச்சுவார்த்தை நடத்துகிறவன் பெரும்பாலும் தோற்றுத்தான் எழுந்திருக்கிறான்.

உங்கள் அறையை நினைத்துப் பார்க்கிறேன். இரவு பத்தரை மணி. வேலை முடிந்து வந்தாயிற்று. வாங்கிவந்த பரோட்டாப் பொட்டலம் பாதி தின்றபடி மேசைமேல் கிடக்கிறது. அறைத்தோழன் ஊருக்குப் போயிருக்கிறான். கதவு தாழிட்டிருக்கிறது, உடம்பு களைத்திருக்கிறது, மனதில் ஒரு வெறுமை, கையில் செல்போன். நள்ளிரவுக்குப் பிறகு நீங்கள் விழுந்ததாக நினைக்கிறீர்கள். உண்மையில் அந்தப் பத்தரை மணியிலேயே முக்கால்வாசி முடிவாகிவிட்டது. 1 கொரிந்தியர் 10:13-இல், சோதனையோடுகூட "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்று பவுல் எழுதுகிறார். அந்தப் போக்கு கடைசி நிமிடத்தில் மின்னலைப்போல வரும் என்று காத்திருக்கிறோம். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே திறந்திருக்கிறது: அறையில் தனியாகச் சாப்பிடாமல் மெஸ்ஸில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, அம்மாவுக்கு ஒரு போன் செய்வது, சார்ஜரைக் கட்டிலருகே வைக்காமல் கூடத்திலோ சமையலறையிலோ வைப்பது. பார்ப்பதற்கு இவை ஆவிக்குரிய காரியங்களாகத் தெரியாது. என் அனுபவத்தில், இரவு முழுவதும் கண்ணீரோடு செய்த பொருத்தனைகளைவிட இவை அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கின்றன.

இன்னொன்றையும் செய்யுங்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு சொன்னது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். சபை முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒருவர் போதும். உங்களைவிட வயதில் மூத்த, வாய் காக்கத் தெரிந்த ஆணாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை அவர் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும், நீங்கள் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும். இருட்டில் இருக்கும்வரைதான் அந்தப் பாவத்துக்குப் பெலன். விழுந்த இரவில் "இனிமேல் ஒருக்காலும் செய்யமாட்டேன்" என்று ஆண்டவரிடம் சத்தியம் செய்வதையும் விட்டுவிடுங்கள். இயேசுவை மறுதலிக்கமாட்டேன் என்று பேதுருவும் அப்படித்தான் சத்தியம் செய்தான், அந்த இரவிலேயே மறுதலித்தான். அறிக்கையிடுங்கள், மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்ற 1 யோவான் 1:9-ஐ நம்பித் தூங்கப் போங்கள். காலையில் எழுந்து, அன்றைய இரவுக்கு என்ன ஏற்பாடு என்று யோசியுங்கள்.

இனி வேலை போனதைப் பற்றி. ஓடிப்போன யோசேப்புக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, சிறைச்சாலை. உண்மையாக இருந்ததால் வந்த தண்டனை அது. கூடச் சிறையில் இருந்த பார்வோனின் பானபாத்திரக்காரனுக்கு நல்லது செய்தான், அவன் மறந்துபோனான், இன்னும் இரண்டு வருடம் உள்ளேயே கிடந்தான். பதினேழு வயதில் விற்கப்பட்டவன் பார்வோனுக்கு முன்பாக நிற்கும்போது வயது முப்பது. நடுவில் பதின்மூன்று வருடங்கள். "கர்த்தர் யோசேப்போடே இருந்தார்" என்று அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சிறையில் இருக்கும்போதும் அதையே சொல்கிறது. கர்த்தர் கூட இருப்பதும் சிறையில் இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை என்பதை நம் பிரசங்கங்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அந்த இரவில் ஆலயங்கள் நிரம்பி வழிகின்றன; பிள்ளைகள் தட்டில் கையைவிட்டு ஓர் அட்டையை எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். எனக்கும் அந்த வழக்கம் பிரியம். ஆனால் அந்தத் தட்டில் எப்போதும் "உன்னை ஆசீர்வதிப்பேன்", "உன்னை வாலாக்காமல் தலையாக்குவேன்" என்பவைதான் இருக்கும். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் இயேசு கொடுத்த வாக்குத்தான். அதை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாதி வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை புதுவருடத்துக்குள் போகிறான். மார்ச் மாதத்தில் வேலை போகிறது. அட்டை பொய்யா, ஆண்டவர் பொய்யா, என் விசுவாசம் பொய்யா என்று குழம்பிப்போகிறான். "உன் ஜெபம் குறைந்துவிட்டது, அதனால்தான்" என்று சொல்ல உறவினர் யாராவது இருப்பார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை வாசிக்க வேண்டும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு கத்தினான், தான் பிறந்த நாளைச் சபித்தான், கடவுளையே வழக்குக்கு அழைத்தான். சிநேகிதர் மூவரும் கடவுளுக்காக அழகாக வாதாடினார்கள்: நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கஷ்டம். கடைசியில் கர்த்தர் கோபித்தது அந்தச் சிநேகிதர்மேல்தான்; யோபைப்போல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். அவர்கள் சரியாகச் செய்தது ஒன்றுதான். முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எனவே வேலை போனபோது உங்களுக்கு வந்த கோபத்தைக் குற்றமாக எண்ணிச் சுமக்காதீர்கள். அந்தக் கோபத்தை அவரிடம் கொண்டுபோனீர்களா, அவரைவிட்டு எடுத்துக்கொண்டு போனீர்களா என்பதுதான் கேள்வி. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்டுத்தான் 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துபோகிறது. ஆறுதலாக ஒரு வரியும் கடைசியில் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பாபிலோனில் ராஜாவின் சிலையை வணங்க மறுத்து, சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்களும், எங்கள் தேவன் விடுவிப்பார் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. "விடுவிக்காமற்போனாலும்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார்கள். அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்த வார்த்தையையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பயம் பாதி குறைந்துவிடும்.

பட்டினப்பாக்கத்தில் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். சுனாமியில் மகனை இழந்தவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அதன்பிறகு நீண்ட காலம் அவர் ஆலயத்தில் வாய் திறந்து பாடவில்லை. ஆனால் வருவார். கடைசி வரிசையில் கதவோரம், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவார். பாட்டுப் புத்தகம் மடியில் மூடியே இருக்கும். விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்தால் அவரும் எழுவார், உதடு அசையாது. பக்கத்தில் உட்காரும் பெண்கள் "பாடு, மனசு லேசாகும்" என்று ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அவருக்கு இடம் பிடித்து வைத்தார்கள், அவருக்கும் சேர்த்துப் பாடினார்கள். இப்போது அவர் பாடுகிறார். எந்த ஞாயிறு தொடங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் பாடாமல் உட்கார்ந்திருந்த காலத்தையும் நான் விசுவாசம் என்றுதான் சொல்வேன். சொல்லப்போனால், பாடிக்கொண்டிருந்த எங்கள் எல்லாரையும்விட அதிக விசுவாசம் அந்தப் பெஞ்சில் இருந்தது.

நம் ஊர் அப்போஸ்தலனும் அப்படிப்பட்டவர்தானே. தோமா பரங்கிமலையில் கி.பி. 72-இல் கொல்லப்பட்டார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. அவரைச் "சந்தேகத் தோமா" என்றே அழைத்துப் பழகிவிட்டோம். யோவான் 20-ஐ நிதானமாக வாசியுங்கள். உயிர்த்த இயேசு முதல்முறை வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னபோது, காயத்தில் விரலை இடாமல் நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்துச் சீஷர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." அந்த எட்டு நாளும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தும் அவர் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. மற்றவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. "என் ஆண்டவரே, என் தேவனே" என்ற அறிக்கை அந்த வீட்டுக்குள் இருந்ததால்தான் பிறந்தது. ஜெபிக்க முடியாத நாளில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வீட்டைவிட்டுப் போகாதீர்கள்.

வறட்சியைப் பற்றிச் சுருக்கமாக இரண்டு காரியங்கள். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன், ஆனாலும் இந்த விஷயத்தில் இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கரான லொயோலா இஞ்ஞாசியாரின் அறிவுரையைத்தான் வாலிபர்களுக்குச் சொல்கிறேன். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கல்லூரிக்கு அவர் ஊரின் பெயர்தான். மனம் வறண்டு, இருண்டு கிடக்கும் நாளில் எந்த முடிவையும் மாற்றாதே, அதற்கு முன்பு வெளிச்சமான நாளில் எடுத்த முடிவிலேயே உறுதியாக நில் என்றார் அவர். ஆலயத்தை விடுவதா, வேதவாசிப்பை நிறுத்துவதா என்பதெல்லாம் ஞாயிறு மாலைச் சோர்வில் எடுக்க வேண்டிய முடிவுகள் இல்லை. இரண்டாவது, எலியா தீர்க்கதரிசி. சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டவரிடம் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். அதன்பிறகுதான் ஓரேப் பர்வதம். வாரக்கணக்காகத் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது நல்ல வேலை. உங்கள் கேள்வியில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் பயம் தருவது இந்த வரிதான்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார். தாழ்ந்திருக்கக் கற்க வேண்டும் என்பது நமக்குப் புரிகிறது. வாழ்ந்திருப்பதற்கு எதற்குப் பயிற்சி? தாவீதின் கதையை வாசித்தால் விளங்கும். சவுலுக்குப் பயந்து குகையில் ஒளிந்திருந்த காலத்தில், கையில் சிக்கிய சத்துருவைக்கூட அவன் கொல்லவில்லை. இன்னொருவன் மனைவியான பத்சேபாளைப் பார்த்து அவன் பாவத்தில் விழுந்தது அரண்மனை மாடியில். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில், "தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான்" என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. வசதி, ஓய்வு, கேட்க ஆளில்லாத அதிகாரம். இன்றைக்கு அடுக்குமாடி வீட்டுக்கான தவணையும் காரும் வருடாந்திர ஊக்கத்தொகையும் ஒரு வாலிபனைக் கொண்டுபோய் நிறுத்தும் இடமும் அதுதான். சம்பளம் இரட்டிப்பானதும் காணிக்கையும் இரட்டிப்பாகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆவதில்லை, செலவுதான் ஓடிப்போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

உபாகமம் 8-இல் மோசே இஸ்ரவேலரை எச்சரிக்கும்போது, பட்டினியில் கடவுளை மறந்துவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டி, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது மறந்துவிடாதபடி எச்சரிக்கையாயிரு என்றார். நீதிமொழிகளில் ஆகூர் என்பவர் ஒரு ஜெபம் செய்கிறார்: தரித்திரத்தையும் கொடாதிரும், ஐசுவரியத்தையும் கொடாதிரும். தரித்திரப்பட்டால் திருடிவிடுவேன், பரிபூரணம் அடைந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன். தன்னை நன்றாக அறிந்த மனிதனின் ஜெபம் இது. சாட்சி சொல்லும் நேரத்தில் பதவி உயர்வுக்காக நன்றி சொல்லுகிறோம். பதவி உயர்ந்த பிறகு என்னை விழாமல் காத்துக்கொள்ளும் என்று யாராவது ஜெபக்குறிப்புக் கொடுத்து நான் கேட்டதில்லை. கொடுக்க வேண்டும்.

வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியஸ் ஐயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஜெர்மனியிலிருந்து 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்தவர். வேதாகமத்தை நல்ல தமிழில் பெயர்த்தவர். லுத்தரன் சபைகள் பாடும் ஞானப்பாட்டுகளில் பலவற்றை ஜெர்மன் மொழியிலிருந்து கொண்டுவந்து தந்தவர். யுத்தங்களையும் முற்றுகைகளையும் தாண்டி நின்றவர். அவர் தடுமாறியது முதுமையில், பணம் கொடுக்கல் வாங்கலில். கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791-இல் இறந்தார். அவர் கெட்டவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் மொழிபெயர்த்த வசனங்களின் சாயல் இன்றும் நம் வேதாகமத்தில் இருக்கிறது, அந்த உழைப்பை யாரும் அழித்துவிடவில்லை. பணத்தின் சோதனை எவ்வளவு பெரிய பக்தனையும் எந்த வயதிலும் தேடிவரும் என்பதற்காகச் சொல்கிறேன். "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று முப்பது வயதில் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

மறுபடியும் யோசேப்பு. எகிப்துக்கே அதிபதியான பிறகு, இளைய மகனுக்கு எப்பிராயீம் என்று பெயரிடுகிறான். காரணம் சொல்லும்போது எகிப்தை "நான் சிறுமைப்பட்டிருந்த தேசம்" என்கிறான். மோதிரம் கையில், பொன் சரப்பளி கழுத்தில், தேசமே அவன் காலடியில். இருந்தும் அவனுக்கு அது சிறுமைப்பட்ட தேசம்தான். வீட்டில் பிள்ளையை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அது நினைவுக்கு வந்திருக்கும். நீங்களும் அப்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேலை இல்லாதிருந்த மாதங்களில் எழுதிய ஜெபக்குறிப்பு நோட்டு இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளம் வந்த அன்றே, வேறெந்தச் செலவுக்கும் முன்னால் காணிக்கையை எடுத்து வையுங்கள். அதில் ஒரு பங்கு, இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கும் உங்களைப் போன்ற ஒருவனுக்குப் போகட்டும். அவன் அறை வாடகையில் ஒரு பகுதியை யார் தந்தார் என்று தெரியாமல் தந்துவிடுங்கள்.

"நான் விசுவாசிதானா?" என்று கேட்டீர்கள். கெட்சமனேக்குப் போகும் முன் இயேசு பேதுருவிடம் சொன்னதைக் கவனியுங்கள். கோதுமையைச் சுளகில் புடைப்பதுபோல உங்களைப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டிருக்கிறான். "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார். நீ விழமாட்டாய் என்று அவர் சொல்லவில்லை. "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று, விழுவதற்கு முன்பே அவன் திரும்பிவந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்துவிட்டார். அதே இரவில் இன்னொருவனும் விழுந்தான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் மனஸ்தாபப்பட்டான், வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். ஆனால் தனியாகப் போனான். பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் ஞாயிறு அதிகாலையில் மகதலேனா மரியாள் ஓடிவந்தபோது, எங்கே போய்ப் பார்த்தால் அவன் இருப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பவுலின் கடைசி நிருபத்தில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. தேமா, "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" பவுலைவிட்டுத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான். ஒருகாலத்தில் பவுலின் உடன்வேலையாள் அவன். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் அவன் வாழ்த்தும் இருக்கிறது. அடுத்த வசனத்தில் மாற்கு: அவனை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். அந்த மாற்குதான் இளவயதில் பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனவன். அவனை மறுபடி சேர்ப்பதா என்பதில் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். ஆரம்பத்தைப் பார்த்திருந்தால் தேமா நிற்பான், மாற்கு போய்விடுவான் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். பர்னபா மாற்கைக் கைவிடாமல் சீப்புருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உங்களுக்கும் ஒரு பர்னபா வேண்டும். ஊரில் ஒரு ஞாயிறு ஆலயத்துக்கு வராவிட்டால் மாலைக்குள் நாலு பேர் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். சென்னையில் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஆராதனையில் வருடக்கணக்காக உட்கார்ந்தும் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாமல் இருக்க முடியும். இந்த நகரம் ஒரு வாலிபனுக்கு வைக்கும் பெரிய சோதனை அதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வியோடு தனியாக இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: தகுதியில்லை என்ற பயத்தால் பல மாதங்களாகத் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்கெடுக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்று. அந்தப் பயம் 1 கொரிந்தியர் 11-இலிருந்து வருகிறது. "அபாத்திரமாய்" என்ற எச்சரிக்கை அங்கே யாருக்கு எழுதப்பட்டது என்று அதே அதிகாரத்தில் பாருங்கள். ஏழைகள் பசியோடு நிற்க, தாங்கள் மட்டும் முந்திச் சாப்பிட்டு, குடித்து வெறித்திருந்தவர்களுக்கு. தன் பாவத்துக்காக அழுகிறவனை விரட்ட எழுதியது இல்லை. "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் 28-ஆம் வசனம் போகிறது. சோதித்தறிந்து எழுந்து வீட்டுக்குப் போ என்று அதில் இல்லை. அந்தப் பாவத்தை விட மனமே இல்லாமல், மறைத்துக்கொண்டு மேடைக்குப் போகிறவனாக இருந்தால் நான் வேறு விதமாகப் பேசியிருப்பேன். உங்கள் கடிதம் அப்படிப்பட்டவன் எழுதியதாகத் தெரியவில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை மாலை ஆயரைப் போய்ப் பாருங்கள். எனக்கு எழுதியதை அவரிடம் வாயால் சொல்லுங்கள். பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும். வேளச்சேரியில் இன்னும் எந்தச் சபையிலும் பெயர் கொடுக்கவில்லை என்றால், அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற, ஆட்கள் குறைவான சபையாகப் பாருங்கள். பாடகர் குழுவில் இருந்தவர் என்கிறீர்கள். அங்கே ஆண் குரலுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். பயிற்சி பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான் இருக்கும். போய்ச் சேர்ந்து, உங்கள் செல்போன் எண்ணையும் அறை முகவரியையும் அங்கே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.